எதிர் ஷிஃப்ட்காரனின் அமைதி

அவனை நினைத்தால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு தண்ணீர் பாட்டில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையில் நான் கிரேன் ஓட்டுகிறேன். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேன் அது. நான் கேபினுக்குள் ஏறும்போது, எனக்கு முந்தைய ஷிஃப்டை முடித்துவிட்டு இறங்குகிறவன் மறந்துவிட்டுப் போன பாட்டில் ஆணியில் தொங்கும். உள்ளே சீரகத் தண்ணீர், பாதி குடித்தது. கீழே உலையிலிருந்து சூடு ஏறிவரும் அந்தக் கூண்டில் எட்டு மணி நேரத்துக்கு அவனுக்குப் பாதி பாட்டில் சீரகத் தண்ணீர் போதும். எனக்கு ஆறு டீ வேண்டும், ஆறாவது டீயும் ஆறிப்போயிருந்தால் கொண்டுவந்தவரிடம் எரிந்துவிழுவேன். அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

அவனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே வயதுக்காரர்கள். ஒரே கிரேன், ஒரே நாற்காலி. ஷிஃப்ட் மட்டும் வேறு. கிரேனை நகர்த்துமுன் மணி அடிக்க வேண்டும் என்பது விதி. மேலே இருப்பது யார் என்று கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்க்கவே மாட்டார்கள், மணிச் சத்தமே சொல்லிவிடும். அவன் ஒரு தட்டு தட்டுவான். நான் அடித்தால் தீ விபத்து என்று புது ஆட்கள் ஓடியிருக்கிறார்கள். ஃபோர்மேன் வாக்கிடாக்கியில் கத்தினால் நான் இரண்டு மடங்காகத் திருப்பிக் கத்துவேன். அவனோ கொஞ்சம் பொறுத்து, "சரி சார்" என்பான், அவ்வளவுதான். ஃபோர்மேன் என்னைத் திட்டும்போதெல்லாம் அவனை உதாரணம் காட்டுவார். வீட்டில் என் மனைவி வேறு. "அந்த அண்ணனும் இதே கிரேன்தான ஓட்டறாரு, அவுரு ஊட்டுக்குப் போனா சிரிச்சிக்கினே போறாராம். நீ மட்டும் ஏன் இப்டி பேஜார் பண்ற?" என்பாள். எனக்குக் காதில் புகை வரும்.

உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வருடம் ஒருமுறை உடல் தகுதிச் சோதனை உண்டு. ரத்த அழுத்தம் அளவு தாண்டினால் கேபினில் ஏற்ற மாட்டார்கள், கீழே பழைய இரும்பு பிரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வருடம் எனக்கு அளவு எல்லையில் நின்றது. அடுத்த வருடம் குறையாவிட்டால் கீழேதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிரேன் ஓட்டுவதைத் தவிர எனக்கு வேறு எதிலும் பெருமை கிடையாது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், நான் கீழே போனால் அந்த நாற்காலி முழுக்க அவனுக்காகிவிடுமே என்பதுதான் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

அதனால் அவனை அப்படியே காப்பியடிக்க ஆரம்பித்தேன், யாருக்கும் தெரியாமல். டீயைக் குறைத்துச் சீரகத் தண்ணீருக்கு மாறினேன். படுக்கும்போது போனைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற அவன், ஆலைக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி ஏரிக்கரை வழியாக நடந்து வருவான். நானும் நடந்தாக வேண்டுமே! வீட்டிலிருந்து பைக்கில் வந்து, ஏரிக்கரை முனையில் இருக்கும் டீக்கடையில் பைக்கை விட்டுவிட்டு நடந்தேன். கேட் வாட்ச்மேனிடம் அவன் எத்தனை நிமிடத்தில் நடந்து வருகிறான் என்று விசாரித்து, அதைவிட நாலு நிமிடம் குறைத்தேன். மனசு லேசாக வேண்டும் என்றுதான் நடந்தேன், கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

சோதனை நாளன்று இரண்டு ஷிஃப்ட் ஆட்களையும் காலையில் வரச் சொல்லியிருந்தார்கள். ஏரிக்கரையில் எனக்கு முன்னால் அவன் போய்க்கொண்டிருந்தான், தண்ணீரில் நிற்கும் நாரைகளைப் பார்த்தபடி. அந்த முதுகைப் பார்த்ததும் எனக்குள் என்ன புகுந்ததோ தெரியவில்லை. வேகத்தைக் கூட்டி, தெரியாதவன் மாதிரி அவனைத் தாண்டி, கடைசியில் ஓட்டமும் நடையுமாகப் போய் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்து கையை நீட்டினேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நர்ஸ் அளந்து பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். போன வருடத்தைவிட மிக அதிகம். ஓய்வெடுக்கச் சொல்லி மறுபடி பார்த்தார்கள், அப்போதும் எல்லைக்கு மேல்தான். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து ஒரு மாதம் தவணை தந்தார். அதுவரை கேபின் கிடையாது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவன் தன் முறையைப் பின்னால் வந்தவருக்கு விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆறுதல் சொன்னால் அடித்துவிடலாம் என்றிருந்தேன். கடைசியில் நானே வாயைத் திறந்தேன்: "உனக்கு மட்டும் எப்டிபா முடியுது?"

"எங்க முடியுது? நானும் காலைல ஒரு மாத்திர போட்டுக்கினுதான் வரேன்" என்றான்.

அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனும் மாத்திரைதான்! ஒரு தடவை அவன் கொக்கியிலிருந்து கம்பிக்கட்டு நழுவி, கீழே நின்றவருக்கு ஒரு முழம் தள்ளி விழுந்ததாம். அன்றிலிருந்து தூக்கம் போய், டாக்டரிடம் போய், அப்புறம்தான் நடையெல்லாம். "சரக்கை எறக்கினதும் கொக்கி ஆடும்ல, அது நிக்கிற வரிக்கும் நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். மூச்ச மட்டும் பாத்துக்கினு இருப்பேன். ஃபோர்மேன் கத்தினா கத்தட்டும், கொக்கி நின்னப்புறம்தான் பதில்" என்றான். நானோ ஆடுகிற கொக்கியைத் துரத்திக்கொண்டே கிரேன் ஓட்டியவன்.

அந்த ஒரு மாதமும் கீழே பழைய இரும்பு பிரித்தேன். மாத்திரையை விடவில்லை. கடிகாரத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு நடந்தேன். கீழே நின்று அண்ணாந்து, அவன் கொக்கி ஆடி நிற்கும் வரை என் மூச்சைப் பார்த்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்த்தேன். மாத முடிவில் அளவு எல்லைக்குள் வந்துவிட்டது. சீட்டைக் கையில் வாங்கியதும் எனக்கு வந்த முதல் யோசனை, அவனுடையது எவ்வளவு என்பதுதான். கேட்டேன். என்னுடையதைவிட ஆறு கூட. ஜெயித்துவிட்ட குரலில் என் எண்ணைச் சொன்னேன். அவன் "அப்பாடா!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொய்ச் சிரிப்பில்லை. அடுத்தவனுடைய எண்ணுக்காக ஒரு மனுஷன் இப்படிச் சிரிக்க முடியுமா? எனக்கு அது வராது என்று தெரிந்தபோது, பழைய பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று பட்டது.

இப்போது அவன் ஆலையில் இல்லை. ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் மச்சானோடு சேர்ந்து நாற்றுப் பண்ணை வைத்துவிட்டான். நாள் முழுக்கப் பச்சையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் ஆளுக்கொரு எண் சொல்லிக்கொள்வோம். அவன் என்னுடையதைக் கேட்டுச் சந்தோஷப்படுவான். நான் அவனுடையதைக் கேட்டுக் கழித்துப் பார்ப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, "நூத்தி எழுவது காட்டுதுபா" என்றான், மழை வருதுபா என்கிற மாதிரி. நான் கழித்துப் பார்க்கவில்லை. அன்றைய ஷிஃப்டுக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த பிரஷர் பார்க்கும் கருவியைப் பையில் திணித்துக்கொண்டு, பைக் இருப்பதே மறந்துபோய் பஸ் ஏறினேன். இறங்கிய இடத்திலிருந்து பண்ணை வரை ஓடினேன். அவன் மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். மச்சானோடு சண்டை, இரண்டு நாளாகத் தூக்கமில்லை, நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"எனுக்கோசரமா ஓடியாந்த? உன்ன மாரி நெனச்ச ஒடனே ஓடியார எனுக்கு வராதுபா. எனுக்குப் பொறாமையா கீது."

எத்தனையோ வருடமாக அந்த வாயிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. "பொறாம அப்பறம் படலாம், மொதல்ல கைய நீட்டு" என்று சொல்லி அவன் கையில் பட்டையைச் சுற்றினேன்.