சிவப்பு விளக்கும் இறங்கிய முள்ளும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படிப்பு. முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன், சிலது மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தொண்ணூறுகளில் என் கணவர் தாம்பரத்தில் கார் பட்டறை வைத்திருந்தார். பம்மலில் தோல் வியாபாரம் செய்த அவருடைய கூட்டாளி, ரொம்ப ஆசைப்பட்டு வெளிநாட்டு டர்போ கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்தார். டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறியாம். அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகாவிட்டால் சூடு ஏறி பிஸ்டன் உருகிவிடுமாம். அதற்கு வேறு பிஸ்டன் இங்கே கிடைக்காது.

"உருகிட்டா வண்டி காயலான் கடைக்குத்தான். அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று என் கணவர் சாப்பிடும்போதுகூடச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்டீயரிங் பக்கத்தில் மூன்று மீட்டர் பொருத்தினார். காற்றின் அழுத்தத்துக்கு ஒரு முள். புகைக்குழாயின் சூட்டுக்கு ஒரு முள். மூன்றாவது, குழாயில் செருகிய சென்சார் சொல்வதைக் காட்டும் விளக்கு வரிசை. பெட்ரோல் குறைந்தால் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை, கூடினால் மஞ்சள். ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்க வேண்டும். கூட்டாளிக்கோ ஓடுகிற வண்டியில் குனிந்தால் குமட்டும். அதனால் முன் சீட்டில் நான் உட்கார்ந்தேன்.

விடிந்ததும் ஊரப்பாக்கம் தாண்டிப் போனோம். "காய்காரரைக் கூப்பிடற மாதிரி சத்தமா சொல்லணும், இன்னா?" என்றார் இவர். பின்னால் வேற்று ஆம்பிளை இருக்க, எனக்குச் சத்தமாகப் பேசக் கூச்சம்.

காற்று முள் பாதியைத் தாண்டியதும் சிவப்பு எரிந்தது. "சிவப்புங்க" என்றேன். இவர் சட்டென்று காலை எடுத்தார். ஓரங்கட்டி, பெட்ரோலைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டினார். அதே இடத்தில் மறுபடி சிவப்பு. வண்டியும் குலுங்கியது.

"இன்னும் ஊத்து மச்சான். பெட்ரோல் என்னுதுதானே, உனக்கு இன்னா கஞ்சத்தனம்?"

"நீ மொதல்ல வாந்தி எடுக்காம வா."

இன்னும் கூட்டினார். பின்னால் கரும்புகை, மூக்கை அடைக்கும் பெட்ரோல் வாடை. அப்போதும் சிவப்புதான். ஆனால் சிவப்பு வரும்போதெல்லாம் சூட்டு முள் கீழே வந்தது. சூடு ஏறும் என்றுதானே சொன்னார்? கேட்கலாமா என்று தயங்கித் தயங்கி, "ஏங்க, சூடு இறங்குதுங்களே" என்றேன்.

"தங்கச்சி, மணி பாக்குற முள்ளப் பாத்துட்டியா?" என்று கூட்டாளி சிரித்தார்.

இவர் சிரிக்கவில்லை. வண்டியை நிறுத்தி ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். கரி பிடித்து ஈரமாக இருந்தது. வெளிச்சத்தில் பிடித்து முனையைப் பார்த்தார்.

"சென்சார் பெட்ரோலைப் பாக்காதுடா. பொகையில மிச்சம் கீற காத்தைத்தான் பாக்கும். காத்து தள்ளுற வேகத்துல பொறி அணைஞ்சு போவுது. எரியலன்னா காத்து அப்படியே வெளிய வரும், சிவப்பு காட்டும். எரியாத எடத்துல சூடு ஏது?"

ஃபேன் போட்டால் கேஸ் அடுப்பு அணைந்து வாடை வருமே, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன்.

"புது பிளக்கு நான்தானே போட்டேன்" என்றார் கூட்டாளி மெதுவாக.

"அதான் பேஜாரு. முனையில இடைவெளி இவ்ளோ இருந்தா பொறி எப்படித் தாண்டும்?"

எல்லாப் பிளக்கையும் துடைத்து, முனையைத் தட்டி நெருக்கினார். கூட்டிய பெட்ரோலைப் பழைய அளவுக்கே குறைத்தார். அதுதான் எனக்குப் பயம். விளக்கு போதாது போதாது என்கிறது, இவர் குறைக்கிறாரே! இவர் நினைத்தது தப்பாக இருந்தால் பிஸ்டன் போயிற்று.

"சிவப்பும் சூடும் சேர்ந்து ஏறினா கத்திடு" என்றார்.

காற்று முள் பாதிக்கு வந்தது. தாண்டியது. வண்டி குலுங்காமல் பாய்ந்தது. சூட்டு முள் மெல்ல ஏறி, இதைத் தாண்டக் கூடாது என்று இவர் மீட்டரில் சாக்பீஸால் போட்டிருந்த கோட்டுக்குக் கீழேயே நின்றது.

"சிவப்பு இல்லீங்க!" என்று கத்திவிட்டேன்.

"யம்மா, என் காது!" என்றார் கூட்டாளி. இவர் வாய்விட்டுச் சிரித்தார். ஊரப்பாக்கம் திரும்பும்வரை நான் தலை நிமிரவில்லை.

இப்போது இவர் இல்லை, கேட்க முடியாது. அன்றைக்குக் கடைசியில் எரிந்தது பச்சையா, மஞ்சளின் முதல் விளக்கா என்று எனக்கு நிச்சயமில்லை. காற்று ஏறும்போது கொஞ்சம் மஞ்சள் பக்கம் இருப்பதுதான் நல்லது என்று இவர் சொன்னதாகவும் ஞாபகம். எஞ்சின் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.