தவிலைத் தள்ளி வைத்த காலை

1938 பங்குனியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு மதுரை ஜங்ஷனில் இறங்கினேன். என்னோடு ஐந்து மரப்பெட்டிகளும் இறங்கின. எழும்பூரிலிருந்து முன்னூற்றுச் சொச்சம் மைலும் அவற்றில் ஒன்றின் மேல் கையை வைத்துக்கொண்டேதான் வந்தேன். அதில் பன்னிரண்டு மெழுகுத் தட்டுகள் இருந்தன. கச்சேரி நடக்கும்போது இயந்திரத்தின் ஊசி அந்த மெழுகில் ஓசையைக் கீறிக்கொண்டு போகும். பிறகு அதிலிருந்து அச்செடுத்துத்தான் கடையில் விற்கும் இசைத்தட்டைச் செய்வார்கள். மெழுகுக்கு வெயில் ஆகாது. மதுரையிலோ அந்த நேரத்துக்கே பிளாட்பாரத் தகரம் சுட்டது.

சென்னையில் ஒரு கிராமபோன் கம்பெனியில் ஒலிப்பதிவு வேலை எனக்கு. அதுவரை பஞ்சு அடைத்த அறைக்குள்தான் பதிவு செய்திருந்தேன். இப்போது மைக்கையும் இயந்திரத்தையும் ஊரூராகத் தூக்கிப்போய், ஜனங்களுக்கு நடுவே நடக்கும் கச்சேரியை அப்படியே பிடித்து வா என்று முதல் முறையாக என்னை மட்டும் அனுப்பியிருந்தார்கள். உசிலம்பட்டிக்கு மேற்கே மூன்று மைலில் ஓர் அம்மன் கோயில். அதன் திருவிழாவில் நாகலிங்கம் என்ற நாகஸ்வர வித்வானின் காலைக் கச்சேரி. அதுதான் எனக்கு இட்ட வேலை.

பகல் பதினோரு மணிக்குப் புறப்பட்டோம். வாடகை வேன் இரண்டு நாளைக்குப் பதினாறு ரூபாய், பெட்ரோல் தனி. டிரைவர் கருப்பையா பெட்டிகளை ஏற்றும்போதே கேட்டார்.

"இம்புட்டுப் பெட்டியும் பாட்டுக்குத்தானா சார்? ஒரு தட்டுல எம்புட்டு நேரம் அடங்கும்?"

"மூன்று நிமிஷம். கொஞ்சம் கூடலாம்."

"மூணு நிமிசமா! எங்க ஊரு மேளகாரரு நாயனத்துச் சீவாளிய நனைக்கவே அம்புட்டு நேரம் ஆகுமே!"

கோச்சடையைத் தாண்டும் வரை வலப்பக்கம் தென்னையும் வயலும், அவற்றுக்கப்பால் வைகையின் மணலும் கூட வந்தன. அப்புறம் நாகமலை நீளமாகப் படுத்துக்கொண்டது. செக்கானூரணியில் சைக்கிள் கடை நிழலில் நிறுத்தி, மெழுகுப் பெட்டியைச் சுற்றியிருந்த சாக்குகளை நனைத்தோம். அங்கிருந்து மண்ணின் நிறமே மாறியது. சோளத் தட்டை அறுத்துப்போட்ட கரிசலும் செம்மண்ணும், இடையிடையே மாட்டு மந்தைகளுமாக இருந்தது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி இருபத்து நான்கு மைல்தான். பெட்டிகள் குலுங்கக் கூடாது என்று நான் மெதுவாகப் போகச் சொன்னதில், கோயில் போய்ச் சேர மூன்று மணியாகிவிட்டது.

மண்டபத்துக்குப் பின்னால் விறகு போட்டு வைக்கும் அறை ஒன்றை ஒழித்துக் கொடுத்தார்கள். மண் தரை. இயந்திரத்தை அங்கே நிறுத்தி, அறுபது அடி ஒயரை மண்டபத்துக்கு இழுத்து, மைக்கை மேடைக்கு முன்னால் வைத்தேன். இயந்திரம் நிற்கும் முக்காலி ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. ரசமட்டம் வைத்துப் பார்த்து, மூன்று கால்களின் திருகுகளையும் சாவி போட்டு முறுக்க வேண்டும். இரண்டு கால்களை முறுக்கினேன். மூன்றாவதற்குக் குனிந்தபோது, தர்மகர்த்தா காப்பியோடு வந்து, மைக்கைப் பார்க்க ஊரே கூடியிருக்கிறது, வந்து விளக்கிச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார். போனேன். நூறு பேர் வாய் பிளந்து கேட்க, விளக்கினேன். பேச்சு எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

கூட்டத்தில் நாற்பத்தைந்து வயதுள்ள ஒருவர் கடைசி வரை நின்றார். தோள் அகலம், வலது கை விரல் மூட்டுகள் காய்த்திருந்தன. வேலாயுதம் என்று பெயர் சொன்னார். மறுநாள் நாகலிங்கத்துக்குத் தவில் வாசிக்கப் போகிறவர். கோச்சடைக்காரர்.

"இதுல நான் வாசிக்கிறதும் விழுமா தம்பி?"

"விழுமே."

"எம்மக மரகதத்த இந்த ஊர்லதான் குடுத்திருக்கேன். சம்பந்தியும் மேளகாரருதான். இந்தக் கோயில்ல நாயனம் வாசிக்கிறவரு. நாளைக்கு எல்லாரும் முன்னால வந்து உக்காருவாக. தட்டுல என் கையும் பேசும்னு மககிட்டச் சொல்லிப்பிட்டேன். அதான் கேட்டேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கச்சேரி தொடங்கியது. மண்டபம் நிறைந்து வாசல் வரை ஜனம். ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறினால் மெழுகு இளகிவிடும். அதற்குள் முடித்தாக வேண்டும். முதல் தட்டு தொடக்கத்தில் நன்றாக ஓடியது. கல்யாணியில் ஒரு கீர்த்தனை. தவில் வேகம் எடுத்த இடத்தில் ஊசி துள்ளி, மெழுகின் குறுக்கே ஒரு கீறல் கீறிவிட்டது. தட்டு வீண்.

தவிலின் அடி தாங்காமல் ஊசி துள்ளுவதுண்டு என்று பயிற்சியின்போது சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேறு காரணம் இருக்குமா என்று நான் யோசிக்கவே இல்லை. மண்டபத்துக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும், "தவில் பத்தடி பின்னால் உட்காரட்டும்" என்றேன். உட்கார்ந்தார். இரண்டாம் தட்டும் அதே இடத்தில் துள்ளியது. "விரல்களில் மாட்டிய கூடுகளைக் கழற்றிவிட்டு வெறும் கையால் வாசியுங்கள்" என்றேன். தவில்காரரிடம் அப்படிக் கேட்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று எனக்குத் தெரியும். நாகலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். தட்டு வெளிவர வேண்டுமே என்ற கவலை அவருக்கு. வேலாயுதம் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூன்றாம் தட்டும் போயிற்று.

ஒன்பது தட்டுகளே மிச்சம். திரும்பவும் போய், "மண்டபத்துக்கு வெளியே கொடிமரத்துக்கிட்டே போய், மைக்குக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள்" என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. முன்வரிசையிலிருந்து சிவப்புக் கடுக்கன் போட்ட ஒருவர் உரக்கச் சொன்னார்: "நம்ம சம்பந்தி கை அம்புட்டுக் கனமாம்ப்பா! மிசினே பயப்படுது!" அவர்தான் மரகதத்தின் மாமனார் சுப்பையா. அவருக்குப் பக்கத்தில் மரகதம், இருபது வயதுப் பெண், மடியில் குழந்தையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வேலாயுதம் தவிலைத் தூக்கிக்கொண்டு, ஜனங்கள் ஒதுங்கி வழிவிட, அவள் முன்னாலேயே நடந்து வெயிலுக்குப் போனார்.

அறைக்குத் திரும்பி நான்காம் தட்டை மாட்டினேன். குனியும்போது கை இயந்திரத்தின் மேல் ஊன்றியது. அது ஆடியது. மூன்றாவது காலின் திருகைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு விரலால் சுழன்றது. தவில் வேகமெடுக்கும்போதெல்லாம் ஜனங்கள் தரையில் தாளம் போட, மண் தரை அதிர்ந்து, அந்தக் கால் தள்ளாடியிருக்கிறது. தவிலில் ஒரு பிழையும் இல்லை.

திருகைச் சாவி போட்டு இறுக முறுக்கினேன். முறுக்கிவிட்டு, மேடையருகே வைத்திருந்த சைகை விளக்கைப் போட்டு, வாசிக்கலாம் என்று சைகை கொடுத்தேன். தட்டு சுத்தமாக வந்தது. "பாத்தீகளா, தவில் தள்ளிப் போனதும் சரியாயிருச்சு" என்று தர்மகர்த்தா என் முதுகில் தட்டினார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

அன்று மொத்தம் ஆறு தட்டுகள் நல்லபடியாக முடிந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் இரண்டு மூன்று நிமிஷம் இருந்தது. அவரை உள்ளே கூப்பிட அது போதும். கூப்பிட்டால், முதலில் ஏன் வெளியே அனுப்பினாய் என்று கேட்பார்களே என்று நினைத்தேன். கூப்பிடாமலே ஆறு முறையும் விளக்கைப் போட்டேன். என் காதுக் குழலில் நாகஸ்வரம் தேனாக வந்தது. தவில், நாலு வீடு தள்ளி யாரோ கதவைத் தட்டுவதுபோல் இருந்தது.

ஒன்பதரைக்குப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மரகதம் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்கப்பா வாசிச்சது தட்டுல கேக்குமாண்ணே?"

மெழுகில் பதிந்ததைப் போட்டுக் கேட்டால் அது அழிந்துவிடும். ஆகையால் அச்செடுத்து வரும்வரை யாரும் என்னைச் சோதிக்க முடியாது. "கேட்கும்மா, நன்றாகக் கேட்கும்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துக்கொண்டே அந்த மோரைக் குடித்தேன்.

மதுரை திரும்பும்போது வேலாயுதமும் வேனில் ஏறிக்கொண்டார். தவிலை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கருமாத்தூர் தாண்டியதும் அவரே பேச்சைத் தொடங்கினார்.

"தப்பா நெனைக்காதீக தம்பி. எங்கை கொஞ்சம் கனம்தான். வாத்தியாரே ஏசுவாரு. என்னால உங்களுக்கு மூணு தட்டு வீணாப் போச்சு."

அவர் என்னைத் திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டே எழும்பூர் போய்ச் சேர்ந்திருப்பேன். அவர் மன்னிப்புக் கேட்டார். நாகமலை ஓரமாக வண்டி போய்க்கொண்டிருந்தபோது, திருகு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நாலாவது தட்டுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். கருப்பையா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். வேலாயுதம் கோச்சடையில் தவிலோடு இறங்கி, என் பக்கம் திரும்பினார்.

"எங்கிட்டச் சொல்லி என்ன தம்பி ஆகப்போகுது? எங்கையப் பத்தி எனக்குத் தெரியாதா? மரகதத்துக்கிட்டயில்ல சொல்லியிருக்கணும். சம்பந்திய வச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கணும்."

"கடிதம் எழுதிவிடுகிறேன்" என்றேன்.

"அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாரேன்." தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை ரயிலில், தட்டுப் பெட்டியை மட்டும் ஐஸ் வைத்துக் கட்டி, ரயில் கார்டு ஒருவரின் பொறுப்பில் சென்னைக்கு அனுப்பினேன். 'ஒரு நாள் தாமதம்' என்று கம்பெனிக்குத் தந்தி கொடுத்தேன். மறுநாள் காலை போடிக்குப் போகும் ரயிலில் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து உசிலம்பட்டியில் இறங்கி, மூன்று மைலும் நடந்தேன். கையில் பெட்டி எதுவும் இல்லாமல் நடந்தது எனக்கே விசித்திரமாக இருந்தது. கோயில் முன்னால் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நேற்று சிரித்த ஜனங்களில் ஒருவரையும் காணோம்.

சுப்பையா வீட்டு முற்றத்தில் நாயனத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். மரகதம் உரலடியில் இருந்தாள். நின்றபடியே சொல்லிவிட்டேன்: பிழை என்னுடையது, வேலாயுதத்தின் கையில் குறை எதுவும் இல்லை.

சுப்பையா கடகடவென்று சிரித்தார். "இதுக்கா தம்பி இம்புட்டுத் தூரம் நடந்து வந்தீக? சம்பந்திய நான் கேலி பண்ணாம வேற யாரு பண்ணுவா? அத அப்பவே மறந்துட்டேன். உக்காருங்க, சாப்புட்டுப் போகலாம்." பாக்கு எடுக்க உள்ளே போனார்.

மரகதம் எழுந்து கிட்டே வந்தாள்.

"எங்கப்பா கை கனம்னு நான் எப்ப நெனச்சேன்? அந்தக் கையக் கேட்டுத்தானே வளந்தேன். மிசினுலதான் கோளாறுன்னு அப்பவே எனக்குத் தெரியும்ணே." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா கேக்கும்னு சொன்னீகளே, அது நெசந்தானே?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. வந்த வேலை முடிந்தது என்று மனசு இலேசாகத் தொடங்கியிருந்த நேரம் அது.

"இல்லையம்மா," என்றேன். "சரியாகக் கேட்காது. யாரோ தூரத்தில் தட்டுகிற மாதிரிதான் இருக்கும்."

அவள் உள்ளே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். மாமனார் இன்னும் வெளியே வரவில்லை.

"அத எங்கப்பாகிட்டச் சொல்லிப்பிட்டீகளா?"

"இல்லை."

"சொல்லாதீகண்ணே. தட்டு வந்தா ஒண்ணு அனுப்புங்க. தர்மகர்த்தா வீட்டுப் பாட்டுப் பொட்டியில போட்டுக் கேட்டுக்கிறேன்." பிறகு, குரலில் கோபம் ஏதும் இல்லாமல், "இத நீங்க எங்கிட்டயும் சொல்லாமப் போயிருக்கலாம்" என்றாள்.

சாப்பிடாமல் புறப்பட்டேன். உசிலம்பட்டி ஸ்டேஷனில் மதுரை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். மாடு வாங்க வந்தவர் ஒருவர் எந்த ஊர், என்ன ஜோலி என்று கேட்டார். வேலை விஷயம் என்று மட்டும் சொன்னேன்.

சென்னையில் எனக்குக் கிடைத்தது பாராட்டு. ஊர்க் கூட்டத்தின் நடுவே நாகஸ்வரம் இவ்வளவு தெளிவாக விழுந்ததே இல்லை என்று மானேஜர் எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார். பஞ்சு அடைத்த அறையில், அத்தனை பேரும் தலையாட்டிக் கேட்டார்கள். தவில் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. தட்டுகள் அச்சாகி வந்ததும், ஒன்றை வைக்கோல் பொதிந்து உசிலம்பட்டிக்கு அனுப்பினேன்.

ஆடி மாதம் கோச்சடையிலிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. வேலாயுதம் யாரிடமோ சொல்லி எழுதியிருந்தார். 'மரகதம் தட்டைக் கேட்டதாகவும், தவில் பக்கத்தில் இருந்து வாசிப்பதுபோல் கேட்பதாகவும் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வெளியே உட்கார வைத்தது பற்றி மனத்தாங்கல் இல்லை. தாங்கள் மதுரைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு அவசியம் வரவும்.'

அந்தக் கார்டுக்கு நான் பதில் எழுதவில்லை. அடுத்த வருஷம் மதுரைப் பதிவுக்கு என் பெயரைப் போட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லி வேறு ஆளை அனுப்பச் செய்தேன்.