எச்டியிலும் வளைந்த கோடு

என் அக்கா வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. நூல்காரர் வீடு என்றால்தான் கை காட்டுவார்கள். அவர் நூல் நூற்பவரும் இல்லை, விற்பவரும் இல்லை. தரைக்கு டைல்ஸ் பதிப்பவர். அந்த வேலை செய்கிற எல்லோரும் சுவருக்குச் சுவர் நூல் கட்டி, அதை ஒட்டித்தான் ஒவ்வொரு வரிசையாகப் பதிப்பார்கள். இவர் முதல் வரிசைக்கு மட்டும் நூல் கட்டுவார். அது முடிந்ததும் நூலை அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மீதி அறை முழுவதையும் கண்ணால் பார்த்தே, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டிப் போட்டு முடிப்பார். பிறகு அந்த நூலை வீட்டுச் சொந்தக்காரரிடம் நீட்டி, "சந்தேகம் இருந்தா இப்பக் கட்டிப் பாத்துக்கங்க" என்பார். கட்டிப் பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு திருப்பிக் கொடுத்ததுதான் வழக்கம். அடக்கம் என்பது மாமாவுக்குத் தூரத்துச் சொந்தம்கூடக் கிடையாது. "மத்தவனுக்கு நூலு, எனக்குக் கண்ணு" என்பார். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

இந்த மனிதருக்கு டிவியோடு சண்டை வந்தது.

செய்தி வாசிக்கும்போது திரையின் அடியில் ஒரு பட்டையில் எழுத்துகள் ஓடுமே, அந்தப் பட்டை நடுவில் தொய்கிறது என்று ஒருநாள் ஆரம்பித்தார். கிரிக்கெட்டில் ஸ்டம்பு மூன்றும் நெளிகிறது என்றார். வாசிக்கிற பெண்ணின் முகத்தில் யாரோ ஈரக்கையால் தேய்த்த மாதிரி இருக்கிறது என்றார். கேபிள்காரரைக் கூப்பிட்டுத் திட்டினார். கேபிள்காரர் வயரை மாற்றிவிட்டு, திட்டையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்து பேப்பர்காரர் மாட்டினார். மை மட்டமாம், எழுத்து எழுத்தாக விழாமல் பூசினாற்போல் விழுகிறதாம். பேப்பரை நிறுத்திவிட்டார். அக்கா மட்டும் ஒரே ஒரு தடவை, "ஏங்க, கண்ணை ஒரு எட்டு காட்டிட்டு வந்துடலாமே" என்று கேட்டுவிட்டாள். கேட்டிருக்கக் கூடாது.

"யார் கண்ணை? என் கண்ணையா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவர், பல நாட்கள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் கண் என்கிற பேச்சே எழவில்லை.

எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற வேலை. கடை பக்கத்துத் தெருவில்தான். மாமாவுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருந்த மேஸ்திரி ஒருநாள் பழுதான மோட்டாரோடு கடைக்கு வந்தார். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்குள் மாமாவைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

"உங்க மாமா கைக்கு என்னாச்சுங்க? நல்லாப் போட்ட வரிசையைக் கோணல்னு சொல்லிப் பேத்து எடுக்கறார். எடுத்துட்டு நெசமாவே கோணலாப் போடறார். நான் நூல் கட்டுங்கன்னா என் மேல பாயறார். வீட்டுக்காரங்க என்னைப் புடிச்சு உலுக்கறாங்க. கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லுங்க."

நானும் மேஸ்திரியும் மற்றவர்களும் கையைத்தான் சந்தேகப்பட்டோம். கை நடுங்குகிறதோ, வயதாகிவிட்டதோ, வேலையில் மனசு இல்லையோ என்று ஆளுக்கு ஒன்று நினைத்தோம். மாமாவோ, மேஸ்திரிக்குப் பொறாமை என்று ஒரே போடாகப் போட்டார். மேஸ்திரி கூப்பிடுவது நின்றுபோனது. மாமா வீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவருக்கு டிவியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சண்டை முற்றியது. கடைசியில், "இந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுட்டு எச்டி டிஷ் வாங்கறேன். அதுல தோல்ல இருக்கிற மயிர்க்கால் வரைக்கும் தெரியுமாம்" என்று கிளம்பினார். கூடவே சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி.

புது டிவி வருகிற ஹாலில் பழைய சிமென்ட் தரை எதற்கு என்று அதையும் கொத்திவிட்டு டைல்ஸ் பதித்தார். அந்த வீடு அவர் கட்டிய வீடு. ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை போட்டுவிட்டு, தன் வீட்டு ஹாலை மட்டும் "அப்புறம், அப்புறம்" என்று சிமென்டிலேயே விட்டிருந்தார். நூலைத் தொடவே இல்லை. பெரிய, வெள்ளை டைல்ஸ். தனியாளாகத் தவழ்ந்து, குனிந்து, ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துத் தட்டினார். முடித்த அன்று என்னைக் கூப்பிட்டார். வாசற்படி தாண்டி இரண்டாவது எட்டில், தூக்கிக்கொண்டிருந்த டைல்ஸ் விளிம்பில் என் பெருவிரல் இடித்தது. வலியை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தேன். டைல்ஸுக்கு நடுவே ஓடுகிற கோடுகள், ஸ்கேல் இல்லாமல் குழந்தை கிழித்த கோடு மாதிரி, வாசலில் ஒரு பக்கம் கிளம்பி டிவி சுவரில் வேறு எங்கோ போய் முட்டின. அக்கா சமையலறை வாசலில் நின்று, வாயைத் திறக்காதே என்று தலையை ஆட்டினாள்.

"எப்படி மச்சான்?" என்று கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பிரமாதம் மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

டிஷ்காரர் வந்தார். நல்ல தொப்பை, அதைவிட நல்ல பொறுமை. மொட்டை மாடியில் வெயிலில் நின்று டிஷ்ஷை இப்படியும் அப்படியும் திருப்பி, கீழே வந்து பெட்டியை மாட்டி, படத்தைப் போட்டார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மைதானத்தில் புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. பிறகு செய்தியை வைத்தார். அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "ஐயையோ, அந்தப் பொண்ணு மூக்குல பவுடர் திட்டுத் திட்டா இருக்குதே, யாராவது சொல்லக் கூடாதா?" என்றாள். நான் சிரித்தேன். டிஷ்காரரும் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"வளையுதே" என்றார்.

"எது சார்?"

"பட்டை. நடுவுல தொய்யுது. அந்தப் பொண்ணுக்கு மூக்கே தெரியல, நீங்க பவுடரைப் பத்திப் பேசறீங்க."

டிஷ்காரர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். தள்ளி நின்று பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாத அனுபவசாலியாக, "வயரா இருக்கும் சார்" என்று வயரை மாற்றினார். அடுத்த தடவை வந்து பெட்டியை மாற்றினார். அதற்கடுத்த தடவை மாடிக்குப் போய் டிஷ்ஷையே திருப்பினார். நடுநடுவே மாமா கம்பெனிக்கு போன் போட்டு, மறுமுனையில் இருந்த பெண்ணைக் கரித்துக் கொட்டினார். "எச்டின்னு சொல்லிப் பழையதையே தள்ளிவிட்டுட்டானுங்க. ஏமாத்துக்காரனுங்க" என்று வருகிறவர், போகிறவரிடமெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் திரையைப் பார்ப்பார்கள், மாமாவைப் பார்ப்பார்கள், ஏதாவது சாக்குச் சொல்லிக் கிளம்புவார்கள். அப்போதுதான் எனக்கு மாமாவின் கண் மேல் சந்தேகம் வந்தது. அக்காவிடம் ஜாடையாகக் கேட்டேன். "எனக்கு எப்பவோ தெரியும்டா. அவர்கிட்ட யாரு சொல்றது?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கடைசியில் டிஷ்காரருக்கே பொறுமை போய்விட்டது. "சார், நீங்களே எங்க கடைக்கு வந்து பாருங்க. அங்க சுவர் முழுக்க டிவி. அத்தனையும் இதே பெட்டியிலதான் ஓடுது. அங்கயும் வளைஞ்சா நான் இந்தத் தொழிலையே விட்டுடறேன்" என்றார்.

என் வண்டியில் மாமாவை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே உற்சாகம். இன்றைக்கு அவர்கள் குட்டை உடைத்துவிடுகிறேன் பார் என்றார்.

கடையில் ஒரு சுவர் முழுவதும் டிவி. எல்லாவற்றிலும் ஒரே விளையாட்டு, ஒரே பச்சை மைதானம். மாமா முதல் டிவிக்கு முன்னால் நின்று, "இதுல வளையுது" என்றார். பக்கத்து டிவிக்குப் போய், "இதுலயும்" என்றார். அடுத்ததுக்குப் போனார். குரல் இறங்கிக்கொண்டே வந்தது. வரிசையின் நடுவில் நின்றுவிட்டார். எரிச்சலோடு தலையைக் குனிந்தவர் தரையைப் பார்த்தார். பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்தவர் போல மறுபடி குரலை உயர்த்தினார்.

"இந்தத் தரையைப் பாரு மச்சான்! எவன் போட்டான் இதை? கோடெல்லாம் தண்ணியில விழுந்த கயிறு மாதிரி நெளியுது. தரையே ஒழுங்கா இல்லாத கடையில டிவி எப்படி ஒழுங்கா இருக்கும்?"

அந்தத் தரையை எனக்குத் தெரியும். முன்பு இது துணிக்கடை. திறப்பதற்கு முதல் நாள் மாமா என்னையும் அக்காவையும் கூட்டிவந்து, செருப்பை வெளியே கழற்றச் சொல்லி, வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரை ஒரே நேர்கோடாக ஓடிய வரிசையைக் காட்டிப் பெருமைப்பட்டார். சொல்லாமல் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் டிஷ்காரர் பக்கத்தில் நிற்கிறார், இவரோ குரலை ஏற்றிக்கொண்டே போகிறார்.

"மாமா, இது நீங்க போட்டது" என்றேன்.

"போடா" என்று சிரித்தார்.

"துணிக்கடை மாமா. செருப்பைக் கழட்டச் சொன்னீங்களே."

சிரிப்பு போய்விட்டது. சுற்றும் முற்றும் பார்த்தார். நடுவில் இருந்த உருண்டைத் தூணுக்குப் போனார். தூணைச் சுற்றி மற்றவர்கள் துண்டு துண்டாக ஒட்டவைப்பார்கள். அவர் மட்டும் இரண்டே டைல்ஸில் அரைவட்டம் அரைவட்டமாக வெட்டிப் பொருத்துவார். குனிந்து அந்த வெட்டைத் தடவினார். பிறகு மண்டியிட்டு, தூணிலிருந்து கிளம்புகிற கோட்டில் ஆள்காட்டி விரலை வைத்து, தவழ்ந்துகொண்டே இழுத்துப் போனார். விரல் ஒரு மயிரளவுகூட விலகவில்லை. நூல் பிடித்தாற்போல் போயிற்று. கடைசி வரை போய், திரும்பவும் விரலை வைத்துத் தூண் வரை இழுத்து வந்தார். கடைக்கு வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள்.

"மயக்கமா சார்? தண்ணி கொண்டு வரட்டா?" என்று டிஷ்காரர் கேட்டார்.

மாமா விரலைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அவர் தோளில் கை வைத்தேன். அத்தனை டிவியும் எங்கள் தலைக்கு மேல் கைதட்டிக்கொண்டிருந்தன. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிடலாம் போல் இருந்தது எனக்கு.

கடையிலிருந்து வண்டியை நேரே கண் ஆஸ்பத்திரிக்கு விட்டேன். கண் டாக்டர் ஒரு அட்டையைக் காட்டினார். அதில் வெறும் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. சின்ன டைல்ஸ் தரை மாதிரியே இருந்தது. ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கேட்டார். மாமா பார்த்தார். அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்ணுக்குள்ளே நடுப்பகுதி தேய்ந்துகொண்டு போகிறது, வலது கண்ணில் முற்றிவிட்டது, இடது கண்ணிலும் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். ஓரப் பார்வை மிஞ்சும். நேராகப் பார்க்கிற பார்வை திரும்பி வராது.

"வேலைக்குப் போலாமா?" என்று மாமா கேட்டார்.

"என்ன வேலை?"

சொன்னார். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "வேற ஏதாவது பாத்துக்கங்க" என்றார். நல்ல மனிதர்தான். அதைவிட நயமாக அதைச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தோம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்ததும் அக்கா அணைக்கப் போனாள். "ஓடட்டும். நீயாவது பாரு" என்றார் மாமா. அப்படியே ஹால் தரையில் உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை ஒரு கோட்டில் வைத்து இழுத்தார். விரல் கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் ஒதுங்கியது. இன்னும் கொஞ்சம் போய் விளிம்பில் இடித்து நின்றது. வேறொரு கோட்டில் வைத்தார். அதுவும் அப்படித்தான். நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று அக்காவைக் கேட்டார்.

"போட்ட அன்னைக்கே."

"உனக்கு?"

"கால் இடிச்சப்பவே மாமா."

"ஒருத்தர்கூடச் சொல்லலையே."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "போட்டு முடிச்சு, எழுந்து நின்னு பாத்துச் சிரிச்சீங்க. வேலை நின்னதுல இருந்து நீங்க சிரிச்சு நான் பாக்கவே இல்ல. எந்த வாயால சொல்லுவேன்?" என்று சொல்லும்போதே உடைந்துபோனாள்.

எனக்கும் தாங்கவில்லை. ஏதாவது உருப்படியாகச் சொல்லவேண்டும் என்று, "மேஸ்திரிகிட்ட சொல்லி, வேற ஆளை வெச்சு இதைப் பேத்து மாத்திடலாம் மாமா" என்றேன்.

அவர் குனிந்து, ஒவ்வொரு டைல்ஸையும் தட்டியபோது எப்படிப் பார்த்தாரோ அப்படியே, தரையை உற்றுப் பார்த்தார்.

"வேணாம் மச்சான்" என்றார். "எனக்கு நேராத் தெரியற தரை இது ஒண்ணுதான்."