தொப்பூர் இறக்கத்தில் ஐந்தாவது சீட்டு

சோத்துக்கடை வைத்தவளுக்குச் சோறு பொங்குவது மட்டும் வேலை இல்லை. சாப்பிட்டவன் ஏன் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்காமல் இருப்பதும் வேலைதான். கடை நடத்திக் கஷ்டப்பட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் தொப்பூர் கணவாய்க்கு மேலே, சேலம் பக்கம் இறக்கம் தொடங்கும் இடத்தில் எங்கள் கடை. கீழே லாரி கவிழ்ந்தால் ரோடு அடைந்துவிடும். திறந்துவிட்ட பிறகும் முதல் வண்டியாக இறங்க ஒருத்தரும் சம்மதிக்க மாட்டார்கள். ரத்தம் பார்த்த இடம், முதலில் வருகிற வண்டியையும் கேட்கும் என்பது டிரைவர்களின் நம்பிக்கை. நான் மாதாவைக் கும்பிடுகிறவள், இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனால் என் மகன் அந்தோணி லாரி ஓட்டப் போன பிறகு, நம்பவில்லை என்று சத்தமாகச் சொல்வதை விட்டுவிட்டேன்.

மட்டமான கை முன்னால்

யார் முதலில் இறங்குவது என்பதற்குத்தான் சீட்டு. கோவிந்தன் என்கிற டிரைவர் பம்பாய்க்கு லோடு அடித்தபோது கற்று வந்த ஆட்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடியபடி. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. முதலில் மூன்றைத் திருப்புவார்கள், பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. கையில் உள்ள இரண்டும் நடுவில் உள்ள ஐந்துமாக ஏழில், நல்ல ஐந்தைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஜோடி சேர்ந்தால் நல்லது, இரண்டு ஜோடி அதைவிட, ஒரே மாதிரி மூன்று வந்தால் அதற்கும் மேல். பம்பாயில் காசு வைப்பார்களாம். இங்கே காசு கிடையாது. மட்டமான கை யாருக்கோ அவர் முதலில் இறங்க வேண்டும். பாதியில் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தால், நானே போகிறேன் என்று அர்த்தம்.

இலை எடுக்கும்போது பார்த்துப் பார்த்தே எனக்கு எல்லாம் பாடமாகிவிட்டது. "ஜெபம் பண்ற வூடுங்க இது, சீட்டெல்லாம் ஆகாது" என்று சொல்லிப் பார்த்தேன். ஓசூர்ப் பக்கத்து டிரைவர் பசப்பா, பாதி கன்னடமாகப் பேசுகிறவர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "நீங்க மேலே பாத்துக் கேக்கறீங்க, நாங்க கீழே பாத்துக் கேக்கறோம், அஷ்டே, அவ்வளவுதான் அக்கா."

ஆளில்லாத கை

அவர்களோடு ஆடுகிற மூன்றாவது ஆள் ரங்கன். ஒரு நாள் ரசத்தை இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினவன், மூன்றாவது வளைவில் வண்டியோடு பள்ளத்தில் கிடந்தான்.

பத்து நாள் கழித்து மறுபடியும் ரோடு அடைந்து திறந்தது. மத்தியானம் கோவிந்தனும் பசப்பாவும் மட்டும் உட்கார்ந்தார்கள். பழக்கத்தில் கோவிந்தன் மூன்று பேருக்குச் சீட்டுப் போட்டுவிட்டார். திரும்ப எடுக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. ரங்கன் உட்காருகிற இடத்துக்கு முன்னால் அது அப்படியே கிடந்தது. கடைசியில் திறந்தார்கள். ஒரு இரண்டு, ஒரு மூன்று. நடுச்சீட்டோடு எதுவும் சேரவில்லை. மூன்றில் மட்டமான கை ரங்கனுடையதுதான்.

இரண்டு பேரும் வெளியே போய் நின்றார்கள். ஒரு வண்டி இறங்கிப் போகிற அளவு நேரம், வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம்தான் கிளம்பினார்கள்.

அதற்குப் பிறகும் மூன்று முறை அதே மாதிரி ஆனது. ஒருமுறை சீட்டைக் கலைத்துக் கொடுத்ததே நான்தான். அப்போதும் ரங்கன் கைக்கு ஒரு ஜோடி சேரவில்லை. கோவிந்தன் சொன்னார்: "உசுரோட இருந்தப்ப ஒருநாளும் முன்னால போகாதவன்க்கா, இப்ப எங்களப் பின்னால வரச் சொல்றான்."

சாமியார் கேட்டது

கடைசிச் சீட்டைத் திருப்ப என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஜெபமாலை பிடிக்கிற கையாம். மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் என் சோற்றைத் தின்றுவிட்டு இறங்குகிற பிள்ளைகள். சிலுவை போட்டுக்கொண்டு திருப்புவேன். உறுத்தல் தாங்காமல் பங்குச்சாமியாரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், மெதுவாகக் கேட்டார்: "அந்த ஆளில்லாத கை இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஜெயிக்கலையாம்மா?"

அந்தோணி உட்கார்ந்த நாள்

அந்தோணி கம்பைநல்லூரில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த அன்று, ரோடு அப்போதுதான் திறந்திருந்தது. நான் பார்த்த பார்வையைக் கண்டுகொள்ளாமல் அவனும் உட்கார்ந்துவிட்டான். நடுவில் கிளாவர் ராஜா, ஏழு, நாலு. நாலாவதாக ஆட்டின் ராணி. ஐந்தாவதுக்கு முன்னால் ரங்கன் கையைத் திறந்துவிடுவது இப்போதெல்லாம் வழக்கம். கோவிந்தன் திறந்தார். இரண்டும் ராணி. நடுவில் உள்ளதோடு மூன்று.

இன்றைக்கு ரங்கன் முன்னால் போகப் போவதில்லை. கோவிந்தன் தன் சீட்டைக் காட்டினார், ஏழு ஒரு ஜோடி. பசப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். சோற்றைப் பிசையக்கூட கை நிற்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. ஐந்தாவது சீட்டுக்கு நான் கையை நீட்டினேன். மாதாவே, என் பிள்ளைக்கு ஒரு ஜோடி கொடு என்று கேட்டேன். பசப்பாவுக்கு என்ன ஆகும் என்று நினைக்கவே இல்லை.

அந்தோணி இரண்டு சீட்டையும் கவிழ்த்துவிட்டு எழுந்தான். "எனக்கு ஒண்ணும் வரலம்மா, நான் போறேன்" என்றான். வண்டி இறங்குகிற சத்தம் தேய்கிறவரைக்கும் வாசலில் நின்றேன். அவனுக்கு முன்னால் ஒரு வண்டியும் போகவில்லை. உள்ளே வந்து அவன் சீட்டைத் திருப்பினேன். இரண்டும் ராஜா, நடுவில் கிடந்த ராஜாவோடு மூன்று.

மறுநாள் மத்தியானம் சேலத்திலிருந்து திரும்பி வந்தான். சோறு போட்டேன். சீட்டைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்: "கீழ வரைக்கும் ஒரு வண்டி முன்னாலயே போச்சும்மா, அது பிரேக் போட்ட எடத்துலெல்லாம் நானும் போட்டேன்."

இத்தனை நாள் பார்த்து அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், பெற்ற பிள்ளை எப்போது பொய் சொல்கிறான் என்று தெரிந்துகொண்டதுதான்.