நிற்காத ஊசலும் என் பட்டியலும்

பட்டியல் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியர். சோதனைகளைக் கணினித் திரையில் செய்துகாட்டும் மாதிரியாக்க மென்பொருள்களைத் தலைமையாசிரியர் வகைபிரிக்கச் சொன்னபோது ஒரே நாளில் முடித்துவிட்டேன். ஒளி, வெப்பம், மின்சாரம், இயக்கம் என்று பாடப்புத்தக வரிசையில் ஒரு சார்ட்டில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டினேன். எதையும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. பெயரைப் படித்தே பிரித்தேன்.

அடுத்த வாரம் ஸ்டாப்வாட்ச் பழுதானதால், பிளஸ் ஒன் பிள்ளைகளை ஊசல் சோதனையைக் கணினியிலேயே செய்யச் சொன்னேன். ஒரு மாணவி ரெக்கார்டு நோட்டில், ‘ஊசல் நிற்கவில்லை, வீச்சும் குறையவில்லை’ என்று எழுதியிருந்தாள். ஆட்டிவிட்ட எந்த ஊசலும் கொஞ்ச நேரத்தில் அடங்கத்தானே வேண்டும்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ‘பார்க்காமல் எழுதாதே’ என்று சிவப்பு மையில் எழுதி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். கையெழுத்து இல்லாத நோட்டோடு செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது.

மதியம் கண் கலங்க வந்து நின்றாள்.

“பாத்துட்டுதான் சார் எழுதுனேன். மணி அடிக்க வரைக்கும் அங்கனயே உக்காந்திருந்தேன். அது நிக்கவே மாட்டேங்கு.”

அவள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். கணினித் திரையில் ஊசலை ஆட்டிவிட்டேன். பத்து நிமிடம் ஆயிற்று, அது ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வேதியியல் ஆசிரியர் சிரித்தார்.

“என்னவே, காத்தே இல்லாத ஊருல ஆட்டிவிட்டா எப்படி நிக்கும்?”

அந்த மென்பொருளில் காற்றின் தடை சேர்க்கப்படவே இல்லை. நிஜமாகவே நூலில் இரும்புக் குண்டைக் கட்டி ஆட்டினேன். அது பையப் பைய அடங்கியது.

“அப்ப கம்ப்யூட்டர்ல இருக்கது பொய்யா சார்?”

“பொய் இல்லம்மா. அதுல காத்தச் சேக்காம விட்டுட்டாங்க.”

“அத அந்தச் சார்ட்லயே எழுதியிருக்கலாம்லா சார்.”

ஒரு நொடி என் முகம் சுண்டிப்போனது. பிறகு அந்தச் சார்ட்டைக் கிழித்தேன். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, எதைச் சேர்த்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது, பிள்ளைகள் எதை மாற்றிப் பார்க்கலாம் என்று புதிதாகப் பிரிக்க ஒரு மாதம் பிடித்தது. இன்றும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் பாடம் நடத்துகிறேன். அந்தப் பெண் அன்று பயந்து சும்மா இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. அவளுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

அன்றே அவள் நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் சிவப்பு வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: ‘இவள் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள். பார்க்காமல் எழுதியது நான்.’