நிவெஸ் வாய் திறக்காத சனிக்கிழமை

வெனிஸ் போகும் காலை ஏழு நாற்பத்திரண்டு வண்டிக்கு ஏழு மணிக்கே வந்து நிற்கும்படி, பயணக் கம்பெனி ஆளான நிவெஸ் எல்லோருக்கும் கடிதம் போட்டிருந்தாள். பண்பாட்டு வட்டத்தைச் சேர்ந்த முப்பத்தொரு பேரும் ஏழரைக்கு வந்தார்கள். வந்தவர்கள் நேராக நடைமேடைக்கு வந்தார்களா என்றால் அதுவும் இல்லை. நிலையத்துக் காப்பிக் கடையில் வரிசை கட்டி நின்று, ஆளுக்கொரு காப்பியைக் குடித்து, அது நேற்றைய காப்பியைவிட மட்டம் என்று ஒருமனதாகத் தீர்மானித்த பிறகுதான் வந்தார்கள். நிவெஸ் மஞ்சள் குடையை உயர்த்திப் பிடித்தபடி தலைகளை எண்ணினாள். வண்டி கிளம்ப நான்கு நிமிடம் இருக்கும்போது முப்பத்தொன்று சரியாக இருந்தது. அவள் எண்ணி ஒருநாளும் தப்பியதில்லை.

போலோஞ்ஞா நகரத்துப் பண்பாட்டு வட்டம் என்பது வேறொன்றுமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் மனைவிமாரும் ஒருவரையொருவர் பட்டம் சொல்லிக் கூப்பிட்டு மகிழ்வதற்கான இடம். பாலம் ஒன்றைக்கூடக் கட்டாதவர் அங்கே சாகும்வரை என்ஜினியர். நோயாளியைத் தொட்டே பார்க்காதவர் டாக்டர். தலைவி கிளோதில்தே அம்மாளுக்குச் சொந்தமாகப் பட்டம் எதுவும் கிடையாது. இறந்துபோன கணவரின் பட்டத்தைப் போட்டுக்கொண்டு நடந்தாள். எல்லோருக்கும் மேலே புரொபசர் ஃபாப்ரோனி. சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கோடு போடச் சொல்லிக் கொடுத்தவர். அளவுகோல் வைத்துப் போடும் கோடு.

"இந்தாம்மா, கடல் எந்தப் பக்கம் வரும்? நான் அந்தப் பக்கம்தான் உக்காருவேன்" என்றாள் கிளோதில்தே அம்மாள்.

"ரெண்டு பக்கமும் வரும்மா."

"அதெப்படி ரெண்டு பக்கமும் வரும்? சரியா விசாரிச்சுச் சொல்லு."

நிவெஸ் விசாரிக்கப் போகிறவள்போல் பெட்டியின் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்து, "இடது பக்கம்மா" என்றாள். அம்மாள் திருப்தியாக உட்கார்ந்தாள்.

ஃபெராரா நிலையம் தாண்டியதும் பொட்டலங்களைப் பிரித்தார்கள். ரொட்டிக்குள் வைத்த மொர்த்தடெல்லா இறைச்சியின் வாசனை பெட்டி முழுக்கப் பரவியது. புரொபசர் வாயைத் துடைத்துக்கொண்டு நிவெஸைப் பார்த்தார்.

"நீ எதுவரைக்கும் படிச்ச?"

"எட்டாவது சார்."

"அதுக்கப்புறம்?"

"பதினெட்டு வருஷம் இஸ்திரிக் கடையில இருந்தேன்."

"ஓகோ." பக்கத்திலிருந்த மருந்துக்கடைக்காரர் மனைவியிடம் குனிந்து, குரலைத் தாழ்த்துவதுபோல் தாழ்த்தாமல் சொன்னார்: "காலம் கெட்டுக் கெடக்கு பாருங்க. சட்டை தேய்ச்சவ நமக்கு வெனிஸைக் காட்டப் போறா."

நிவெஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ரோவிகோ, பதுவா நிலையங்கள் கடந்தன. ஓய்வு நாளெல்லாம் இதே வண்டியில் தனியாக வந்து, நோட்டும் பென்சிலுமாக வெனிஸைச் சந்து சந்தாக அலைந்தவள் அவள். பதினொரு நோட்டுகள் நிறைந்திருந்தன. எந்தத் தேவாலயத்தின் எந்தத் தூண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவாள். ஆனால் அவளிடம் இருந்தது பயணிகளைக் கூட்டிப்போய்க் கூட்டி வருகிற அட்டை மட்டுமே. வண்டி ஏற்றலாம், தலை எண்ணலாம், கழிப்பறை எங்கே என்று காட்டலாம். ஒரு கட்டடத்தைக் காட்டி அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னால் குற்றம். அதற்கு வெனிஸ் மாகாணம் கொடுக்கும் வழிகாட்டி அட்டை வேண்டும். அந்தத் தேர்வு நவம்பர் பதினான்காம் தேதி. இன்னும் இருபது நாள்தான். ஆறு வருடத்துக்கு ஒருமுறைதான் வைக்கிறார்கள். அட்டையில்லாமல் விளக்கம் சொல்லிப் பிடிபட்டவள் என்று பெயர் பதிவானால் தேர்வு அறைக்குள் கால் வைக்க முடியாது. நிவெஸுக்கு நாற்பத்தொரு வயது. அடுத்த ஆறு வருடத்தை நினைத்துப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

வெனிஸ் நிலையத்துப் படிக்கட்டில் ப்ருசெகான் என்ற உள்ளூர் வழிகாட்டி காத்திருக்க வேண்டும். அவருக்கு அட்டை உண்டு. அட்டையைத் தவிர வேறெதுவும் உண்டென்று நிவெஸ் கேள்விப்பட்டதில்லை. அரை மணி நேரம் படியில் நின்றார்கள். ப்ருசெகான் வரவில்லை. நிவெஸ் பொதுத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்துக்குப் பேசினாள்.

"ஜெர்மன்காரங்க கூட்டம் ஒண்ணு அவருக்குக் கெடச்சிருக்கு, ரெண்டு மணிக்கு மேலதான் வருவாராம்" என்றார் முதலாளி குவால்தியேரோ. "அதுவரைக்கும் நீயே ஏதாவது சொல்லி ஒப்பேத்தேன். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"என்கிட்ட அட்டை இல்லியே சார்."

"யாரு வந்து பாக்கப்போறா?"

"பாத்தா?"

"பாத்தா நீதான் பேசினே, நானா பேசினேன்?" முதலாளி போனை வைத்துவிட்டார். ஒரு வகையில் அவர் ஒளிவுமறைவில்லாத மனிதர்.

நிவெஸ் திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். வழிகாட்டி இரண்டு மணிக்கு வருவார். அதுவரை சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் படகில் கூட்டிப்போகிறேன். விளக்கம் சொல்ல எனக்கு அனுமதியில்லை. முப்பத்தொரு பேரும் ஏமாற்றப்பட்டவர்களின் முகத்தை உடனே மாட்டிக்கொண்டார்கள். அந்த முகம் அவர்களிடம் எப்போதும் தயாராக இருக்கும்.

"அனுமதி இல்லையாம்! தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்தா அனுமதி இல்லன்னு சொல்றது" என்றாள் கிளோதில்தே அம்மாள்.

"விடுங்க அம்மா, நான் எதுக்கு இருக்கேன்?" என்று புரொபசர் முன்னே வந்தார். கையில் ஒரு பழைய கையேடு. அதைத் திறக்க அவருக்கு அவசியம் இருக்கவில்லை. "குடையக் குடு இப்படி."

"நீங்க உங்க ஆளுங்ககிட்ட எது வேணாலும் பேசுங்க சார், யாரும் கேக்க மாட்டாங்க. குடைய மட்டும் தூக்காதீங்க. இந்த ஊர்ல குடையத் தூக்குறவர்தான் வழிகாட்டின்னு அர்த்தம். காவலருங்க அதைத்தான் பாப்பாங்க."

"குடைக்கும் லைசென்ஸா!" கூட்டம் சிரித்தது. புரொபசர் அவள் கையிலிருந்து குடையை உருவினார். வாங்கவில்லை, உருவினார். முப்பது வருடம் யாரும் ஏறிட்டுப் பார்க்காத ஒரு மனிதரின் தலைக்கு மேல் மஞ்சள் குடை ஏறியதும் அவர் இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டார்.

சதுக்கத்தில் அவர் பேசிய பேச்சை முழுதும் எழுதினால் எழுதுகிற கைக்கு அவமானம். மணிக்கூண்டைத் தேவாலயத்தைவிட மூத்தது ஆக்கினார். அரண்மனையைச் சிறைச்சாலை ஆக்கினார். பெண்கள் "எங்க புரொபசர் எங்க புரொபசர்" என்று தலையாட்டினார்கள். என்ஜினியர் ஒருவர் குறிப்புக்கூட எடுத்தார். நிவெஸ் ஆறடி தள்ளி நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்று. மறுபடியும் முப்பத்தொன்று. பிறகு முப்பத்துமூன்று.

கூடுதல் இரண்டு பேர் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். கையில் பையில்லை, கேமரா இல்லை. எல்லோரும் அண்ணாந்து தேவாலயத்தைப் பார்க்கும்போது அவர்கள் இருவர் மட்டும் குடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நிவெஸுக்குப் புரிந்துவிட்டது. புரொபசருக்குக் கண்ணால் சாடை காட்டினாள். அவர் அதைக் கைதட்டல் மாதிரி எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினார்.

அந்த ஆண் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். "நகராட்சிக் காவல். யாருங்க உங்க வழிகாட்டி?"

"இவர்தான்!" என்று ஏழெட்டுக் கைகள் ஒன்றாக நீண்டன. "எங்க புரொபசர்!" என்றாள் கிளோதில்தே அம்மாள், பெற்ற பிள்ளையைக் காட்டுகிறவள்போல.

"வழிகாட்டி அட்டை?"

"அட்டையா? நான் புரொபசருப்பா."

"இந்த மாசத்துல நீங்க நாலாவது புரொபசர்" என்றார் காவலர். பெண் காவலர் நோட்டைத் திறந்தாள். "பேரைச் சொல்லுங்க."

புரொபசர் சட்டென்று குடையைத் தாழ்த்தினார். பேசிப் பேசிச் சிவந்திருந்த முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "நான் இல்லீங்க... இதோ இவ! இவதான் கம்பெனி ஆளு. இவதான் என்னைப் பேசச் சொன்னா. குடையும் இவ குடுத்ததுதான்!"

பெண்கள் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து, "ஆமா ஆமா, இவதான்" என்றார்கள். பட்டம் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ளும் முப்பத்தொரு பேரில் உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

நோட்டு நிவெஸ் பக்கம் திரும்பியது. அவள் தன் அட்டையை எடுத்து நீட்டினாள். அந்தத் தாளில் பெயர் ஏறினால் பதினான்காம் தேதி போயிற்று.

"நான் கூட்டிட்டு வர்றவ மட்டும்தாங்க. எங்க வழிகாட்டி ரெண்டு மணிக்கு வர்றார். இவர் எங்க பயணி. வழிகாட்டியும் இல்ல, இதுல வர்ற வருமானமும் அவருக்கு இல்ல."

"குடை?"

"குடுக்கலை. பிடுங்கிக்கிட்டார். ஏங்க, இவர் பேசினத நீங்க கேட்டீங்களா?"

"கேக்கலை. குடையத்தான் பாத்தோம்."

"ஒரே நிமிஷம் கேளுங்க. அதுக்கப்புறம் இவரை வழிகாட்டின்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா என் பேரையே எழுதிக்கோங்க." அவள் புரொபசரைப் பார்த்தாள். "சார், தேவாலய வாசலுக்கு மேல இருக்கிற அந்த நாலு வெண்கலக் குதிரை பத்திச் சொன்னீங்களே, அதை இவங்களுக்கும் சொல்லுங்க."

வேறொருவராக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். புரொபசரால் அது முடியாது. கேட்க இரண்டு புதிய காதுகள் கிடைத்ததும் தொண்டையைச் செருமினார்.

"இந்தக் குதிரைகள் நெப்போலியன் வெனிஸுக்கு அன்பா குடுத்த பரிசு."

பெண் காவலரின் பேனா நின்றது. "யாரு குடுத்தா?"

"நெப்போலியன். இந்த ஊர் மேல அவருக்கு அவ்வளவு பிரியம்."

அவள் கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியா? எடுத்துட்டுப் போன திருடனே பரிசு குடுத்தானாம்! எங்க தெரு மீன்காரன்கிட்ட சொன்னா இவரைத் தூக்கிக் கால்வாய்ல போட்டுடுவான்." ஆண் காவலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "இவரு வழிகாட்டி இல்ல. என் தலைமேல அடிச்சுச் சொல்றேன், இல்லவே இல்ல" என்றார்.

ஆனால் பெண் காவலர் நோட்டை மூடவில்லை. நிவெஸை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, அவரு சொன்னது தப்பு. சரியானது என்ன? அந்தக் குதிரை எங்கேர்ந்து வந்துச்சு? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

ஆயிரத்து இருநூற்று நான்கு. கான்ஸ்டான்டிநோபிள். குதிரைப் பந்தயத் திடல். கப்பலில் ஏற்றி வந்த விதம். நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோன வருடம், திரும்பி வந்த வருடம். மேலே நிற்பவை நகல்கள், அசல் உள்ளே இருக்கிறது என்பது. ஏழாம் நோட்டில் நான்கு பக்கம். எல்லாம் நாக்கின் நுனியில் நின்றது. முப்பத்தொரு பேரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள் நிவெஸ். "வழிகாட்டி வந்ததும் அவரைத்தான் கேக்கணும்."

"பாத்தீங்களா? எட்டாவதுதானே!" என்றாள் கிளோதில்தே அம்மாள் நிம்மதியோடு. யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். புரொபசரும் சிரித்தார், அவருக்கு அதற்குள் உயிர் வந்துவிட்டிருந்தது.

பெண் காவலர் சிரிக்கவில்லை. நிவெஸின் காது சிவந்திருப்பதைப் பார்த்தாள். ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடி, "தெரியாததை நல்லா மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்க" என்றாள். புரொபசரின் கையிலிருந்த குடையை வாங்கி, மடக்கி, நிவெஸிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

ப்ருசெகான் இரண்டே முக்காலுக்கு வந்தார். கால் மணி நேரத்தில் சதுக்கத்தை முடித்தார். மிச்ச நேரத்தைக் கண்ணாடிச் சாமான் விற்கிற ஒரு கடையில் கழித்தார். கடைக்காரர் அவரைக் கட்டியணைத்து வரவேற்றதைப் பார்த்தவர்களுக்கு விவரம் புரிந்திருக்கும். வட்டத்தாருக்குப் புரியவில்லை. ஆளுக்கொரு கண்ணாடி வாத்து வாங்கினார்கள். திரும்பும் வண்டியில் புரொபசர், காவலர் இருவரையும் தாம் எப்படி மடக்கினார் என்பதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை காவலர்கள் நான்கு பேர் ஆகியிருந்தார்கள். பதுவா வருவதற்குள் கிளோதில்தே அம்மாள், கூட்டிவந்த பெண்ணுக்கு அடிப்படை அறிவுகூட இல்லை என்று ஒரு புகார்க் கடிதம் எழுதி முடித்து, முப்பது கையெழுத்தும் வாங்கிவிட்டாள். எழுத ஒரு பேனா தேவைப்பட்டது. நிவெஸின் பேனாவைத்தான் கேட்டு வாங்கினாள்.

பதினான்காம் தேதி நிவெஸ் தேர்வு அறைக்குள் போனாள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, உப்புக் கடலுக்கு நடுவில் இந்த ஊர்க்காரர்கள் என்ன தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்டார்.

நிவெஸ் ஆரம்பித்தாள். முற்றத்துத் தரையை எந்தப் பக்கம் சரித்துக் கல் பாவினார்கள், மழைநீர் எந்தத் துளை வழியாக இறங்கியது, களிமண் பூசி மணல் நிரப்பிய பெரிய குழியில் எப்படி வடிந்தது, நடுவிலுள்ள செங்கல் கிணற்றுக்கு எப்படி வந்து சேர்ந்தது.

"போதும்மா" என்றார் அவர்.

"இல்ல சார், இன்னும் கிணத்துச் சாவி யார்கிட்ட இருந்துச்சு, ஒரு நாளைக்கு எத்தனை தடவ மணியடிச்சுத் திறந்தாங்கன்னு சொல்லல."

"எங்களுக்குப் போதும்."

"எனக்குப் போதாது சார்" என்று சொல்லிவிட்டு அவள் தொடர்ந்தாள். வெளியே அடுத்த ஆள் இரண்டு தடவை கதவைத் தட்டினார்.

அறுபதுக்கு ஐம்பத்தெட்டு போட்டார்கள். அட்டை மார்ச் மாதம் தபாலில் வந்தது. அந்த இரண்டு மதிப்பெண் எதற்காகக் குறைக்கப்பட்டது என்று விளக்கம் கேட்டு நிவெஸ் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினாள். பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்றும் அனுப்பியிருக்கிறாள்.