மெதுவாக வந்த பாட்டு

எங்கள் வீட்டுச் சாமி மேடையில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், ஒரு கேசட் பெட்டி இருக்கிறது. அட்டையில் மாரியம்மன் படம். வெயில் பட்டுப் பட்டு அம்மனின் சிவப்புச் சேலை ரோஜா நிறமாகிவிட்டது. உள்ளே கேசட் இல்லை. கறுப்பு ரப்பர் பட்டை ஒன்று மட்டும் சுருண்டு கிடக்கிறது. வெள்ளிக்கிழமை மேடையைத் துடைக்கப் பெட்டியை எடுத்தால், அது உள்ளே நகர்வது கைக்குத் தெரியும். மகள் ஒருமுறை குப்பை என்று நினைத்து அதை எடுத்துப் போடப் பார்த்தாள். "அப்பாவோடது, வச்சிரு" என்று மட்டும் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் மலேசியாவில் சபாக் பக்கம் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியும் அவர் பொறுப்புதான். அவருக்கு ஒரு விசித்திரமான ஆசை இருந்தது. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பழைய கேசட் விற்கும் சீனக் கிழவரிடம் போய், யாரும் தொடாதது எது என்று கேட்டு வாங்கி வருவார். அட்டை இருக்காது, பெயர் இருக்காது. எல்லாம் வெள்ளைக்காரர்கள் வாசித்த நீள நீளப் பாட்டுகள். ஒரு பாட்டே கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும். ஆர்கன் அழும், புல்லாங்குழல் வந்து சமாதானம் சொல்லும், நடுவில் மேளம் சட்டென்று நடையை மாற்றும். "நல்லா விக்கிற பாட்டெல்லாம் ரேடியோவுலயே வந்துரும் புள்ள. விக்காத பாட்டத்தான் நாம போய்ப் பாக்கணும்" என்பார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதுபோலச் சொல்வார்.

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலம் தெரியாது. அவருக்கும் அப்படித்தான். பொழுது சாய்ந்ததும் நான் விளக்கேற்றிக் கும்பிட்டு முடிக்கும்வரை, தோட்டத்து லய வீட்டின் வாசற்படியில் கேசட் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். மணி அடித்து நிறுத்தியதும் பொத்தானை அமுக்குவார். வீட்டுக்குள் சாம்பிராணிப் புகை இன்னும் கலைந்திருக்காது. வெளியே செம்பனை ஓலைகளில் வெளிச்சம் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருக்கும். கடல் பக்கமிருந்து மழை தோட்டத்தின் மேல் நடந்து வருவதுபோல அந்த ஆர்கன் வரும். ஒரு சொல்லும் புரியாது. யாரோ யாரையோ தேடிப் போகிறார்கள், இன்னும் போய்ச் சேரவில்லை என்பது மட்டும் புரியும். என் பிரார்த்தனையும் அப்படித்தானே என்று நினைத்துக்கொள்வேன். அவரிடம் சொன்னதில்லை.

அத்தைக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, இது ஆகாது. "வெளக்கு வச்ச வீட்டுல என்னடா இது பேய்ப் பாட்டு" என்று கையில் கிடைத்த கேசட்டை எல்லாம் வாய்க்காலில் வீசிவிடுவார். அதனால் தனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கேசட்டை மட்டும் என் வீட்டுக்காரர் அம்மன் படம் போட்ட பெட்டிக்குள் ஒளித்து, கோயில் கேசட்டுகளோடு வைத்தார். அம்மன் படத்தை அத்தை எறிய மாட்டார் அல்லவா.

கோயில் ரேடியோவிலும் ஒரு கோளாறு இருந்தது. உள்ளே கேசட்டைச் சுற்றவைக்கும் ரப்பர் பட்டை தளர்ந்துபோய், எல்லாப் பாட்டும் கொஞ்சம் மெதுவாகவே ஓடும். தோட்டத்து ஆபீஸ் கணக்கரும் கோயில் தலைவருமான கிராணி ஐயா, "என்னப்பா, பாடுறவருக்குச் சளியா? ஒரு இஞ்சித் தண்ணி வச்சுக் குடுலா" என்று கேலி செய்வார்.

ஓர் ஆடித் திருவிழாவில் என் வீட்டுக்காரர் பால்குடம் எடுத்தார். மகள் காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்கான நேர்த்திக்கடன். வாய்க்கால் கரையில் குளித்து, மஞ்சள் வேட்டியோடு குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டார். நான் வேப்பிலையோடு பக்கத்தில் நடந்தேன். பனி இன்னும் மரங்களின் இடுப்பில் கட்டியிருந்தது. பாதி வழியில் கோயில் ஒலிபெருக்கி நின்றுபோனது. கேசட் முடிந்துவிட்டது, மாற்றிப் போட ஆள் இல்லை. கோயிலில் இருந்த அத்தை பதறி, அம்மன் படம் போட்ட பெட்டியாகப் பார்த்து எடுத்து, உள்ளே இருந்ததைப் போட்டுவிட்டார்.

ஆர்கன் பனிக்குள்ளிருந்து வந்தது. முதல் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தலையில் குடம், இறக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவே இல்லை. சாமி குற்றமாகிவிட்டால் மகளுக்கு என்ன ஆகுமோ என்கிற பயம் அது. "அம்மா, மன்னிச்சிரு தாயே" என்று சொல்லிக்கொண்டே நடந்தோம்.

கோயிலை நெருங்கும்போது கிராணி ஐயா பாட்டை நிறுத்தப் போனார். அப்போதுதான் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் வீட்டு அம்மாவுக்கு அருள் வந்தது. அதிர்ந்து பேசாத மனுஷி அவர். தலைமுடி அவிழ்ந்து விழ, வேப்பிலையை ஓங்கிக்கொண்டு குறுக்கே நின்றார். "நிறுத்தாத. நான் இன்னும் வந்துகிட்டுத்தான்டா இருக்கேன்."

கிராணி ஐயா கையை எடுத்துவிட்டார். கடைசிக் குடம் கருவறையைத் தொடும்வரை அந்தப் பாட்டு ஓடியது. அபிஷேகப் பாலில் மஞ்சள் கரைந்து ஓடியபோது மேளம் நடை மாறியது. என் வீட்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார். மறுநாள் யாரோ இது என்ன பாட்டு என்று கேட்டதற்கு அத்தைதான் முந்திக்கொண்டு, "நாந்தான் போட்டேன். ஆத்தா எங் கையப் புடிச்சுப் போட வச்சா" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடிக்கும் பால்குடம் வரும்போது அதே பாட்டுதான். ஒரு வருஷம் என் வீட்டுக்காரர் ரேடியோவுக்குப் புதுப் பட்டை வாங்கிப் போட்டார். பாட்டு விறுவிறு என்று ஓடியது. மண்டோரம்மா முகம் சுளித்து, "ஏந்தம்பி, ஆத்தா ஏன் இப்படி ஓடுறா? யாரு தொரத்துறா?" என்று கேட்டார். அன்று மாலையே பழைய பட்டையைத் தேடி எடுத்து மாட்டினார்.

அதை வாசித்தது யார் என்று தெரியாதது மட்டும் அவருக்குக் குறையாகவே இருந்தது. "அந்தப் பசங்ககிட்ட ஒரு நாள் சொல்லணும் புள்ள. ஒங்க பாட்டுல எங்க ஆத்தா வந்தான்னு." கேட்க ஆள் கிடைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டம் கைமாறி லயங்கள் காலியாகி, நாங்கள் கோல சிலாங்கூருக்கு வந்தபோதே கேசட் பூஞ்சணம் பிடித்து அறுந்துபோயிருந்தது. ரேடியோவும் போயிற்று. பட்டை மட்டும் தங்கியது.

இந்த வருஷம் எங்கள் தோட்டத்து அம்மனுக்குச் சாலையோரத்தில் புதிதாகக் கட்டிய கோயிலில் முதல் பால்குடம் என்று சொல்லக் கிராணி ஐயா வீடு தேடி வந்தார். தடியை ஊன்றி உட்கார்ந்தவர், "எல்லாம் சரிதான்மா. அந்தப் பாட்டு இல்லாம ஆத்தா எப்படி வருவா?" என்றார். என் வீட்டுக்காரர் உட்காரவேண்டிய இடம் காலியாக இருப்பதுபோலிருந்தது.

ரவாங்கில் வேலை பார்க்கும் மகள் அந்த வாரம் வந்தாள். "பாடும்மா, ரெக்கார்ட் பண்றேன்" என்றாள். வெங்காயம் உரித்துக்கொண்டே ஆர்கனை வாயால் பாடினேன். அவள் சிரிக்காமல் பதிவு செய்தாள். இந்த வகைக்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயராம். யாரும் கவனிக்காமல் விட்ட குழுக்களைத் தேடித் தேடிக் கேட்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். என் வீட்டுக்காரருக்கு இத்தனை கூட்டாளிகள் இருந்தது அவருக்கே தெரியாமல் போயிற்றே. அவர்களிடம் மகள் என் குரலை அனுப்பினாள். பலர் தெரியாது என்றார்கள். ஒருவர் மட்டும், அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்டேன், எனக்குத் தெரிந்த பாட்டு என்று எழுதினார். குளிர் தேசத்தில் நான்கு இளைஞர்களாம். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டார்களாம். விற்கவில்லை. ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். குழுவின் பெயரை மகள் சொன்னாள், என் வாயில் நுழையவில்லை.

கைத்தொலைபேசியில் போட்டுக் காட்டினாள். அதே பாட்டுதான். ஆனால் ஓடியது, துரத்தப்பட்டதுபோல. வேறு வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது. எழுந்து போய்ச் சாமி மேடைப் பெட்டியிலிருந்து பட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். இரண்டு விரலில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். தொளதொளவென்று நீண்டது.

"ஸ்லோ பண்ணலாம்மா. இதுல அப்படி ஒண்ணு இருக்கு. எவ்ளோ ஸ்லோ?"

"ஒங்கப்பா அளவுக்கு."

கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, போதும் என்று சொன்னேன்.

திருவிழா அன்று நான் குடம் எடுத்தேன். தார்ச்சாலை, பக்கத்தில் லோரிகள் போகின்றன. பனியும் இல்லை. மண்டோரம்மா நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். யாரையும் அடையாளம் தெரிவதில்லை என்றார்கள். ஆர்கன் ஒலிபெருக்கியில் எழுந்ததும் அவர் பாதம் தரையில் மெல்லத் தட்டியது. "இப்பத்தான் நடக்குறா" என்றார், யாரையும் பார்க்காமல். மகள் எல்லாவற்றையும் படம் பிடித்து அந்த மனிதருக்கு அனுப்பினாள், வாசித்தவர்களில் யாராவது உயிரோடு இருந்தால் காட்டச் சொல்லி. இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டாலும் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் சொல்ல நினைத்ததைச் சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்து, மேடையைத் துடைத்து, பட்டையை உள்ளே போட்டுப் பெட்டியை வைத்தேன். அது அவசரப்படாமல் ஒருமுறை நகர்ந்து நின்றது.